முகம் சுளிக்கும் கை

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கிளறன்ஸ் டைம்கீப்பராக இருந்த காலத்தில், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பஸ் தானாகவே பின்னால் போயிற்று. கம்பளை பஸ். டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார், கண்டக்டர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். நேரம் தாண்டி நின்றுகொண்டிருந்த அந்த வண்டியைப் பார்த்துக் கிளறன்ஸ் முகம் சுளித்தார். வண்டி வெட்கப்பட்டு, மெல்ல உருண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது. பிரேக் சரியில்லை என்று பிறகு ஒரு காரணம் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

முகம் சுளிப்பதை அவர் அரைகுறையாகச் செய்வதில்லை. முதலில் புருவங்கள் இரண்டும் நடுவில் வந்து கலந்து பேசும். பிறகு நெற்றி முழுவதும் மடிப்பு விழும். அதற்குப் பிறகு மூக்கு மேலே ஏறும். மேலுதடு அதன் பின்னாலேயே போகும். இத்தனையும் முடிவதற்குள் எதிரே நிற்பவர் எந்தக் குற்றம் செய்திருந்தாலும் அதை விட்டுவிடுவார். சில பேர் செய்யாத குற்றத்தையும் விட்டிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலையில் பாரிசவாதம் வந்தது. பேச்சு பிழைத்துக்கொண்டது, கால் பிழைத்துக்கொண்டது. தோளும் முழங்கையும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் திரும்பி வந்தன. வலது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் ஒன்றும் மிச்சமில்லை. விரல்கள் ஐந்தும் மழையில் நனைந்த வாழைச்சருகு மாதிரித் தொங்கின.

அன்றிலிருந்து மஹய்யாவையில் அவருடைய வீட்டுக்குள் ஒரு கரண்டி ஆட்சிக்கு வந்தது.

தெரேசா நல்ல மனைவி. சோற்றைக் குழைத்து, கறியைப் பிசைந்து, முள் பார்த்து, கரண்டியில் எடுத்து ஊதி, "ஆ காட்டுங்க" என்பாள். கிளறன்ஸ் ஆ காட்டுவார். பற்களில் இரும்பு படும். சோற்றுக்கு முன்னால் கரண்டியின் ருசி நாக்குக்கு வந்து சேரும். போன வேளை கழுவிய சவர்க்காரத்தின் வாசனை, அதற்கு முந்திய வேளையின் கருவாடு, எல்லாம் அதில் இருக்கும். விரல் தொடாத சோற்றுக்குச் சூடு தெரிவதில்லை, உப்புத் தெரிவதில்லை. யாரோ மென்று துப்பியதை எடுத்துத் தருகிறாள் போலிருக்கும்.

"இடது கையால சாப்புட்டுப் பழகுங்களேன். யாரு பாக்கப் போறா?" என்றாள் தெரேசா ஒரு நாள்.

கிளறன்ஸ் அவளைப் பார்த்த பார்வையில் அடுப்பில் இருந்த பால் திரைந்துவிட்டது. இடது கை எந்தெந்த வேலைக்கு உரியது என்று தெரியாத மாதிரிப் பேசுகிறாள். அதைக் கொண்டு சோற்றைத் தொடுவதைவிடக் கரண்டியே மேல். கரண்டியைவிடப் பட்டினியே மேல். ஆனால் பட்டினி அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டு வேளை இருந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் மனிதர் முன்னால் சாப்பிடுவதை நிறுத்தினார். திருமுழுக்கு, கலியாணம், மரண வீட்டுச் சாப்பாடு எதற்கும் போகவில்லை. அந்த வருஷ நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாள் விருந்தில், மகளும் மருமகனும் சம்பந்திகளும் கூடத்தில் கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆ காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நத்தாருக்காவது மேசையில் உட்கார்ந்து தன் கையால் ஒரு பிடி அள்ளித் தின்ன வேண்டும். அவர் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். வேறு எதையும் உலகம் தரும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

பூசை முடிவில் சுவாமியார் வாசித்த அறிவித்தலில்தான் தெரேசா பேராசிரியர் அழகமுத்துவின் பெயரைக் கேட்டாள். கம்பளையில் பிறந்தவர். வெளிநாட்டில் மூளையையும் இயந்திரத்தையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் படிப்பில் பெரிய பெயர் எடுத்தவர். இப்போது பிறந்த மண்ணுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று வந்து, கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ஆய்வகம் திறந்திருக்கிறார். கீழே பேக்கரி. நடுவில் மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே மூளை.

முதல் நாளே பேராசிரியர் கிளறன்ஸின் செத்த கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. உணர்ச்சி போன கையிலும் அந்த ஈரம் தெரிந்தது.

"கிளறன்ஸ் ஐயா, நீங்க எனக்கு நோயாளி இல்ல. நீங்கதான் என்னோட இம்பாக்ட்," என்றார்.

கிளறன்ஸுக்கு அது புரியவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்த்த ருஷ்தா என்ற அக்குறணைப் பிள்ளை பிறகு விளக்கினாள். அவள் பேராசிரியரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். "ஆராய்ச்சியால உலகத்துக்கு என்ன நடந்தீக்கின்டு காட்டணும் அங்கிள். அதுக்கு மார்க்ஸ் ஈக்கி. எத்தன பேரு சேர்ட கட்டுரைய எடுத்துக் காட்டீக்காங்க, எத்தன பேருக்குச் சொகமாகீக்கி, எல்லாம் பாப்பாங்க."

"யாருக்காவது சொகமாகியிருக்கா?"

"கட்டுரைய நெறயப் பேரு எடுத்துக் காட்டீக்காங்க," என்றாள் ருஷ்தா.

அது உண்மைதான். உலகத்தின் எந்த மூலையில் எவர் பேராசிரியரின் கட்டுரையை மேற்கோள் காட்டினாலும் அவருடைய போன் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். அடித்ததும் அவர் எந்தக் காரியத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பார். பார்த்ததும் கீழுதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். சீனிக் கோப்பைக்குள் விழுந்த எறும்பின் சிரிப்பு.

இயந்திரம் இப்படி. தலைக்கு வயர்கள் தைத்த ஒரு தொப்பி. வயர் நுனிகளில் கூழ் மாதிரி ஒரு பசை. கைக்குக் கறுப்பு உறை ஒன்று. கையை மூட வேண்டும் என்று மனிதன் நினைத்தால் மூளையில் எழும் சின்ன மின்சாரத்தைத் தொப்பி பிடித்துக் கணினிக்குச் சொல்லும். கணினி உறைக்குச் சொல்லும். உறை முன்னங்கைத் தசையை மின்சாரத்தால் தட்டும். விரல்கள் மூடும். நினைப்பு நின்றால் விரல்கள் திறக்கும்.

வருவதற்கு முன் தலை முழுக வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது என்று ருஷ்தா தெரேசாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். தெரேசா சரி மிஸ் சரி மிஸ் என்று தலையாட்டினாள். தலை முழுக வார்க்கவும் செய்தாள். ஆனால் முழுகின தலையோடு ஒரு மனிதனை ஏசி அறைக்குள் அனுப்பினால் நீர்க்கோத்துக்கொண்டு காய்ச்சல் வரும் என்பது தெரேசாவுக்குப் பட்டம் எதுவும் இல்லாமலே தெரியும். போதாததற்கு, பேராசிரியர் முன்னால் வறண்ட தலையோடு போய் நிற்பது மரியாதையும் இல்லை. ஆகவே வாசல் படி இறங்கும்போது உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் எடுத்து, உச்சியில் வைத்து, நன்றாகத் தேய்த்துச் சீவிவிடுவாள். "கொஞ்சூண்டுதான். மிஸ்ஸுக்குத் தெரியாது."

எண்ணெய்த் தலையில் தொப்பி நிற்கவில்லை. தொடங்கும்போது உச்சியில் இருக்கும். அரை மணியில் பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கி, முன்வரிசை வயர்கள் புருவங்களுக்கு மேல் வந்து உட்கார்ந்துவிடும். பசையும் எண்ணெயும் கலந்து கன்னத்தில் வழியும். பழைய கோதுமைமாப் பசையில் டெட்டோல் ஊற்றிய மாதிரி ஒரு நாற்றம். கிளறன்ஸ் அதைத் துடைக்க முடியாமல், கண்ணை மூடி, "கையே மூடு, கையே மூடு" என்று நினைத்தார். கை அவரை யாரென்றே கேட்கவில்லை. வாரக்கணக்காக இதே கதை.

ஒரு நாள் பேராசிரியர் அவர் எதிரே குனிந்து, "இந்த நாட்டோட எதிர்காலமே இந்த அஞ்சு விரல்ல இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

டிங்.

பேராசிரியர் எடுத்துப் பார்த்தார். "கொரியால ஒருத்தர் என் கட்டுரைய எடுத்துக் காட்டியிருக்கார்." கீழுதடு நனைந்தது. சிரிப்பு வந்தது.

கிளறன்ஸின் புருவங்கள் கலந்து பேசின. நெற்றி மடிந்தது. மூக்கு ஏறியது.

கை மூடியது.

மேசை மேலிருந்த மரக்கட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே மூடியது. ருஷ்தா எழுந்து நின்றாள். பேராசிரியர் போனைக் கீழே போட்டுவிட்டுக் கிளறன்ஸின் கன்னத்தைத் தட்டினார், பசை அவர் கையில் ஒட்டியது, அதைக் கிளறன்ஸின் சட்டையிலேயே துடைத்தார். கை இன்னும் இறுக்கமாக மூடியது.

"பாத்தீங்களா. என்ன நெனச்சீங்க? சரியா அந்த நேரம் என்ன நெனச்சீங்க?"

நினைத்ததைச் சபையில் சொல்ல முடியாது. "கை மூடணும்னு நெனச்சேன் சார்," என்றார் கிளறன்ஸ்.

வீட்டுக்குப் போகும் வழியில், ஓட்டோவில், அவருக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. அடுத்த முறை சோதித்தும் பார்த்தார். கையே மூடு என்று நினைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியரின் கீழுதட்டை நினைத்தார். கை சட்டென்று மூடியது. திறக்க வேண்டுமானால் மனசுக்குப் பிடித்த எதையாவது நினைக்க வேண்டும். கலியாணப் பூசையில் முக்காட்டுக்குள் இருந்து தெரேசா திருட்டுத்தனமாகத் தன்னைப் பார்த்ததை நினைத்தார். விரல்கள் பூ மாதிரி விரிந்தன. அருவருப்புக்கு மூடும், அன்புக்குத் திறக்கும். இதைக் கொண்டு ஒரு மனிதன் தாராளமாகச் சோறு தின்னலாம்.

தின்றார். ஆய்வகத்துக்குக் கீழ் பேக்கரியில் ஒரு சோற்றுப் பார்சல் விற்பார்கள். அதில் சோறு விறைத்திருக்கும், பருப்பில் மஞ்சள் தண்ணீர் மிதக்கும், மீன் துண்டு எப்போது செத்தோம் என்பதையே மறந்திருக்கும். சில நாட்களில் சமையல்காரரின் தலைமயிரும் கிடைக்கும். பயிற்சிக்கு அதைவிட உத்தமமான சாப்பாடு கண்டியிலேயே இல்லை. பார்சலைப் பிரித்த உடனேயே கிளறன்ஸின் கை அள்ளிக்கொண்டது. வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, தெரேசாவின் முக்காட்டை நினைத்து, விரல் திறந்து, உள்ளே தள்ளினார்.

அத்தனை மாதங்களுக்குப் பிறகு சொந்தக் கையின் சோறு. கண் நிறைந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட்டால் கை திறந்துவிடும் என்பதால், அழுகையையும் சிரிப்பையும் ஒத்தி வைத்துவிட்டு, கவனமாக அருவருத்துக்கொண்டே முழுப் பார்சலையும் தின்று முடித்தார்.

ருஷ்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து தொப்பியின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அங்கிள், இது தேங்கெண்ண."

"கொஞ்சூண்டுதான் மிஸ்."

"தொப்பி வழுக்கி வந்து புருவத்துல ஈக்கி. இது மூளைய வாசிக்கல்ல. நீங்க மொகம் சுளிக்கிறத வாசிக்கி. நெத்தித் தசையில வார கரண்ட்டு மூளையில வாரதவிடப் பெரிசு." அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "சேர் இதை வெச்சி மூணு கட்டுரை எழுதிட்டாரே."

"சார்ட்ட சொல்லுங்க."

"நான் சொன்ன, அங்கிள். போன மாசமே சந்தேகமாகித்தான் சொன்ன. கமிட்டி வந்து போகட்டும் ருஷ்தா, பொறகு பாப்பம்ன்டார். எனக்கு இன்னம் பட்டம் கெடைக்கல்ல. நான் வேற என்த செய்ற?"

கமிட்டி என்பது வெளிநாட்டிலிருந்து இம்பாக்ட்டைப் பார்வையிட வரும் குழு. அவர்களுக்குத் திருப்தி என்றால் இந்த இயந்திரத்தைக் கிளறன்ஸின் வீட்டுக்கே தந்துவிடுவதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். தெரேசா முன்னாலேயே சொன்னார், அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டுச் சொன்னார்.

கிளறன்ஸ் யோசித்தார். இரண்டு நிமிஷம் பிந்தி வந்த பஸ்ஸை நேரத்துக்கு வந்ததாகச் சொல்லச் சொல்லி எத்தனையோ டிரைவர்மார் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது ஒரு பெரிய பொய் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தினால் இயந்திரம் போகும், கரண்டி திரும்ப வரும்.

"நானும் ஒண்ணும் சொல்லல மிஸ்," என்றார்.

சொல்லும்போதே கை தானாக மூடியது. இந்த முறை பேராசிரியரின் கீழுதட்டை நினைக்கவில்லை. தன்னைத்தான் நினைத்தார்.

கமிட்டி வந்தது. மெலிந்து உயர்ந்த ஒரு வெள்ளைக்காரரும், கழுத்தில் மரமணி மாலை போட்ட ஒரு அம்மாவும். வீடியோக்காரர் ஒருவர் வேறு. பேராசிரியர் சிவப்பு டை கட்டியிருந்தார். மேசையில் வாழையிலை, கிளறன்ஸின் தலையில் தொப்பி, கையில் உறை. தன் கையால் சோறு சாப்பிட்டுக் காட்டுவது. அது நம் பண்பாட்டையும் காட்டும் என்பது பேராசிரியரின் யோசனை.

பேக்கரிப் பார்சல் போதும் என்று கிளறன்ஸ் தெரேசாவிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"வெள்ளக்காரங்க முன்னால அந்தக் குப்பையவா திம்பீங்க?" தெரேசா சாமத்தில் எழும்பி அடுப்பு மூட்டியிருந்தாள். சிவப்பரிசிச் சோறு. தேங்காய்ப்பாலில் பருப்பு. கத்தரிக்காய் மோஜு. மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக்கறி. இலையைச் சுற்றி ஆவி எழும்பியது. அந்த வாசனைக்குக் கீழ்மாடிக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வந்தவர்கள் எழுத்துக்களை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள்.

கிளறன்ஸின் முகம் அப்படியே இளகிவிட்டது. புருவங்கள் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை மாதிரி விலகிப் போயின. மஹய்யாவையில் யாரும் அவரை அந்த முகத்தோடு பார்த்ததில்லை. கோயிலில் முதன்முதலாகப் புது நன்மை அப்பம் வாங்க நிற்கும் பிள்ளையின் முகம். கை சோற்றின் மேல் மல்லாந்து கிடந்தது.

"சிந்தியுங்க ஐயா," என்றார் பேராசிரியர்.

கிளறன்ஸ் அருவருக்கப் பார்த்தார். கரண்டியை நினைத்தார். கோழிக்கறி வாசனை வந்து கரண்டியைத் தள்ளிவிட்டது. பஸ் நிலையக் கழிவறையை நினைத்தார். மோஜு வாசனை வந்தது, கழிவறை மணத்தது. இப்படி ஒரு சமையலைச் சமைத்து வைத்துவிட்டுத் தெரேசா கதவோரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் விரல்கள் இன்னும் விரிந்தன.

வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீடியோக்காரர் கொட்டாவி விட்டார்.

பேராசிரியர் கமிட்டியின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார். ஆங்கிலத்தில். கிளறன்ஸுக்கு டைம்கீப்பர் ஆங்கிலம் தெரியும். இந்த மனிதர் முன்பு தட்டில் முகத்தை வைத்து நாய் மாதிரி நக்கிச் சாப்பிட்டார் என்றார் பேராசிரியர். மனைவியால் கைவிடப்பட்டவர் என்றார். தான் வந்த பிறகே இந்த மக்களுக்கு மூளை என்ற ஒன்று இருப்பதே தெரியவந்தது என்றார். மரமணி மாலை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரேசா ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையாட்டினாள்.

கிளறன்ஸின் இடது புருவம் அசைந்தது.

பிறகு பேராசிரியர், வீடியோவுக்காக, தானே ஊட்டிவிடுவது என்று முடிவு செய்தார். மூக்கைத் தேய்த்த விரலால் சோற்றைக் குழைத்து உருட்டினார். இலைக்கு மேலே குனிந்தார். சிவப்பு டை முன்னால் சரிந்து கோழிக்கறிக்குள் விழுந்தது. அந்த உருண்டை கிளறன்ஸின் உதட்டுக்கு நேரே வந்து நின்றது.

"ஆ காட்டுங்க ஐயா."

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பைக்குள் 'டிங்' என்றது. பேராசிரியர் கீழுதட்டை நனைத்தார்.

கிளறன்ஸின் முகம் சுளித்தது. குட்ஷெட்டில் கம்பளை பஸ்ஸைப் பார்த்துச் சுளித்ததெல்லாம் இதற்கு ஒத்திகை. ஆய்வக விளக்குகள் ஒரு தரம் மங்கின. கை மூடியது. சோறு, கறி, டை எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி மூடியது. தோளும் முழங்கையும் தங்கள் வேலையைச் செய்தன. பிடி வாயை நோக்கி மேலே வந்தது. அதோடு பேராசிரியரும் வந்தார்.

டையின் நுனி கிளறன்ஸின் வாய்க்குள் போயிற்று. பேராசிரியரின் மூக்கு கிளறன்ஸின் மூக்கோடு வந்து முட்டியது. அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் கை திறக்குமா? இன்னும் இறுகியது. பேராசிரியரின் நிறம் டையின் நிறத்துக்கு மாறியது. ருஷ்தா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

கமிட்டி எழுந்து நின்று கை தட்டியது. சோற்றையும் துணியையும் ஒரே பிடியில் வேறுபடுத்தி அள்ளும் திறன் இதுவரை எந்த ஆய்விலும் காட்டப்படவில்லை என்று வெள்ளைக்காரர் சொன்னார். இம்பாக்ட்டுக்கு உச்ச மார்க்ஸ் போட்டுவிட்டுப் போனார்கள்.

கிளறன்ஸ் வாயிலிருந்த டை நூலைத் துப்பிவிட்டு, "அப்ப மெசின எப்ப வீட்டுக்குத் தாறீங்க சார்?" என்று கேட்டார்.

பேராசிரியர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஐயா, இனி இது சாதாரண மெசின் இல்ல. வெளிநாட்டுல கண்காட்சிக்குப் போகுது. ஆராய்ச்சி வெற்றி. வெற்றின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். இனிமே காசு வராது."

"தோத்திருந்தா?"

"தோத்திருந்தா இன்னும் மூணு வருஷம் குடுத்திருப்பாங்க."

"அந்தோனியாரத் தொட்டுச் சொன்னீங்களே சார். அப்ப என் கை?"

"உங்க கை இனி உலகத்துக்கே சொந்தம் ஐயா," என்றார் பேராசிரியர். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்தார். ஈரம் அப்படியே இருந்தது.

கரண்டி திரும்ப வந்தது.

முன்பைவிட இப்போது அதன் ருசி மோசமாக இருந்தது. நடுவில் சில மாதம் விரலால் தின்று பார்த்துவிட்டாரே. கிளறன்ஸ் ஆ காட்டினார், விழுங்கினார். மார்கழி வந்தது. நத்தாருக்கு எல்லாரும் வருகிறோம் என்று மகள் போன் பண்ணினாள். அறையைக் கூட்டி வைக்கும்படி தெரேசாவிடம் சொன்னார் கிளறன்ஸ். கதவைச் சாத்திக்கொள்ளும் அறை அது.

நத்தாருக்கு முதல் நாள் ருஷ்தா வந்தாள். பட்டம் கிடைத்துவிட்டதாம். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆய்வகத்தின் புதுவருஷக் கலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"சேர் குடுக்கச் சொன்னார் அங்கிள். நான் கொணார வாணாம்ன்டுதான் நெனச்ச."

தெரேசா விரித்துப் பார்த்தாள். ஜனவரிப் பக்கம் முழுவதும் ஒரே படம். பேராசிரியர் கிளறன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். டையை அழித்துவிட்டார்கள். கீழே 'ஒரு கை, ஓர் உலகம்' என்று எழுதியிருந்தது. படத்தில் பேராசிரியரின் கீழுதடு பளபளவென்றிருந்தது.

"எவ்வளவு லட்சணமா எடுத்திருக்காங்க," என்றாள் தெரேசா. பெரிய மனிதர் தந்ததைக் கீழே வைக்கக் கூடாது என்று சாப்பாட்டு மேசைக்கு எதிரே, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பிறகு ருஷ்தாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கிளறன்ஸின் சோற்றுப் பீங்கானைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கரண்டியைக் கழுவ அடுப்படிக்குப் போனாள்.

கிளறன்ஸ் பழக்கதோஷத்தில் கையைச் சோற்றின் மேல் போட்டுவிட்டு நிமிர்ந்தார். பேராசிரியர் எதிர்ச்சுவரில் இருந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்.

புருவங்கள் கலந்து பேசின. நெற்றி மடிந்தது. மூக்கு ஏறியது.

சோற்றின் மேல் கிடந்த சுண்டுவிரல் மடங்கியது. அதன் பின்னால் மோதிரவிரல். அதன் பின்னால் மற்றவை, பஸ் வரிசையில் நகர்வது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. தொப்பி இல்லை. உறை இல்லை. வயர் இல்லை. கை ஒரு பிடி சோற்றை அள்ளியிருந்தது.

ருஷ்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "அங்கிள், அசையவாணாம்." அவள் குரல் ரகசியம் மாதிரி இறங்கியது. "இத்தன மாசமா மொகம் சுளிக்கச் சுளிக்கக் கை மூடிச்சே. மூளை ரெண்டுக்கும் நடுவால ஒரு பாதை வெட்டீக்கி. மெசின் இல்லாமலே போகுது. நெசமாவே வேல செஞ்சீக்கி அங்கிள். சேர் எழுதினது ஒன்டுமில்ல. இது வேற."

"சார்ட்ட சொல்லப் போறீங்களா?"

ருஷ்தா கலண்டரைப் பார்த்தாள். "சொன்னா இதுக்கும் ஒரு கட்டுரை எழுதுவார்," என்றாள். தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

தெரேசா கரண்டியோடு வந்து வாசலில் அப்படியே நின்றாள். கிளறன்ஸ் அவளைப் பார்த்தார். கை திறந்தது, சோறு வாய்க்குள் போயிற்று.

மறுநாள் நத்தார் விருந்தில் கிளறன்ஸ் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டார். அள்ளும்போது கலண்டர், வாயில் போடும்போது தெரேசா. அந்த வீட்டுக்கு அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு கோர முகம் விருந்துக்கு வந்ததில்லை. சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கறி நல்லால்லையா?"

"கறி அருமை," என்றார் கிளறன்ஸ், மூக்கை இறக்காமல். "நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. படத்த மறைக்கிறீங்க."

பெப்ரவரிப் பக்கத்தில் கண்டி வாவியின் படம் இருந்தது. அழகான படம், ஒன்றுக்கும் உதவாது. ஆகவே யாரும் தாளைப் புரட்டவில்லை. கண்டியில் ஒரு பஸ்ஸையும் ஒரு நிமிஷம் பிந்த விடாத மனிதரின் வீட்டில், பெரஹரா ஊர்வலம் போய், மழை போய், அடுத்த நத்தாருக்குப் பலகாரம் சுடும் நாளிலும் ஜனவரியாகவே இருந்தது.

அந்த நாட்களில்தான் ருஷ்தா போன் பண்ணினாள். பேராசிரியர் கண்டிக்கு வருகிறாராம். பழைய இம்பாக்ட்டைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். "ஒங்களுக்கு அருவருப்புன்டா வரவாணாம்ன்டு சொல்லிர்றன் அங்கிள்."

"சேச்சே, வரச் சொல்லுங்க மிஸ்," என்றார் கிளறன்ஸ். "நேரா சாப்பாட்டு நேரத்துக்கே வரச் சொல்லுங்க." போனை இறக்கிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "தெரேசா, படத்தப் பாத்தாச் சோறு மட்டுந்தான் கையில புடிபடுது. ஆளே வாராராம். ஆட்டெலும்பு வாங்கி வை."